காரணம் தெரியாத நோயா எனக்கு?

சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், வெயிலில் நிற்கக் கூடாது, மாதாமாதம் ரத்தம் எடுத்து ஈரலைப் பார்க்க வேண்டும். பிர்ஃபெனிடோன் மாத்திரையைக் கொடுக்கும்போது டாக்டர் சொன்னது இது. சாப்பிட்ட பிறகா? முதலில் சோறு இறங்க வேண்டாமா? கருவாட்டுக் குழம்பென்றால் சட்டியை வழிக்கிறவன் நான். இப்போது களி கிண்டுகிற வாசனைக்கே குமட்டுகிறது. வீட்டுக்காரி வைக்கிற உருண்டையில் பாதியை மாத்திரைக்காக விழுங்குகிறேன். வேட்டி இடுப்பில் நிற்பதில்லை.

அப்புறம் அந்த வெயில்! அப்போதெல்லாம் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து கேஜில் மேலே வந்து, முகத்தில் வெயில் பட்டால்தான் இன்றைக்கும் தப்பித்தோம் என்று நிச்சயமாகும். அந்த வெயில் இன்று எனக்கு ஆகாது. கழுத்தும் கையும் சிவந்து எரிகின்றன. கிரீம் தடவு, நிழலில் இரு என்கிறார்கள். கோலார் தங்கவயலின் பாலகாட் லைன் வீட்டுக்குள் குழாயும் இல்லை, கக்கூசும் இல்லை. எந்த நிழலில் இருக்க?

“எல்லாருக்கும் இருக்கிறதுதான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க பெரியவரே” என்கிறார் டாக்டர். நான் எதை அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளவில்லை ஐயா?

மாத்திரை தருகிற வயிற்றெரிச்சல் கொஞ்சம்தான். 2014-இல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது, நுரையீரலில் தழும்பு விழும் ஒரு நோய்க்கு. ஐபிஎஃப். ஏன் வருகிறதென்று யாருக்கும் தெரியாத நோயாம். என் சீட்டிலும் அதையே எழுதியிருக்கிறார்கள். என் நோய்க்கா காரணம் தெரியாது? ஊருக்கே தெரியுமே! கோலார் தங்கம் இருந்தது வெள்ளைக்கல்லில். அதைத் துளைத்தால் சிலிக்கா தூசி. கண்ணுக்குத் தெரிகிற தூசியைக் காறித் துப்பிவிடலாம். தெரியாத பொடி நுரையீரலின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். துளைக்கிற மிசினை விட்டு வருஷக்கணக்கானாலும் தழும்பு வளரும். எந்த மாத்திரையும் அதை அழிக்காது. கொஞ்சம் மெதுவாக்குமோ என்ற ஆசையில்தான் இத்தனை எரிச்சலையும் பொறுக்கிறேன்.

முதலில் டிபி என்றார்கள். சளியில் கிருமி இல்லை என்றதும், பீடியா என்று கேட்டார்கள். பீடி தொட்டவனில்லை நான். “மைனில் மிசின் ஓட்டினேன்” என்றேன். காதில் வாங்கினார்கள், எழுதவில்லை. நஷ்டஈடு கேட்டுப் போன ஆபீசில் இன்னும் வேடிக்கை: “மைன் மூடியது 2001 பிப்ரவரி 28. அன்றைக்கே நோய் இருந்ததற்கு சர்டிபிகேட் உண்டா?” அன்றைக்கு எனக்கு மூச்சு இருந்ததே, பாவி! படுக்கையில் விழுந்தபின் வரச் சொல்கிறாயா, விழுவதற்கு முன்னாலேயே வந்திருக்கச் சொல்கிறாயா?

120 வருஷத்தில் 800 டன் தங்கம் போயிற்று என்று கணக்குச் சொல்கிறார்கள். கிராம் குறையாமல் எழுதி வைத்தவர்கள், எங்கள் நெஞ்சுக்குள் போனதற்கு மட்டும் பேரேடு வைக்கவில்லை. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிஸ் என்று இந்தத் தூசி நோய் இருக்கிறது. என் சீட்டில்தான் இல்லை.

அடுத்த மாதமும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, ரத்தம் கொடுக்கப் பெங்களூர் போவேன். மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதத் தெரிந்த கைக்கு, ‘சுரங்கத் தூசியால் வந்தது’ என்று ஒரு வரி எழுத ஏன் இத்தனை நடுக்கம்?