பெருமை பேசுவோம், பாயையும் விரிப்போம்

ஜூன் 21 வந்தால் போதும், நம்மாளுங்க வாட்ஸ்அப் குழுக்களில் யோகா நம்ம சொத்து என்று ஒரே பெருமை. மறுநாள் காலை எல்லோரும் பழையபடி நாற்காலியில். நானும்தான்.

போன வருடம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இங்கே ஆலனில் நான் போன பிசியோதெரபிஸ்ட் ஓர் அமெரிக்கப் பெண். குப்புறப் படுக்க வைத்து, கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கச் சொன்னார். "இதுக்குப் பேர் கோப்ரா" என்றார். அட, புஜங்காசனம்! பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் செய்யச் சொன்னபோது ஓடி ஒளிந்தவன் நான். இப்போது அதற்கு கோ-பே கட்டுகிறேன்.

முதுகுவலிக்கு யோகா உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 320 பேரை வைத்து பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. 12 வாரம் யோகா செய்தவர்களுக்கு, பிசியோதெரபி எடுத்தவர்களுக்குக் குறையாத பலன் கிடைத்திருந்தது. அதே ஆண்டு அமெரிக்க மருத்துவர் கல்லூரியும், நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்பு முயலவேண்டிய வழிகளில் யோகாவைச் சேர்த்தது.

ஆனால் "யோகா செய்தால் சர்க்கரை ஓடிப்போகும்" என்று வரும் ஃபார்வர்டை நம்பி மெட்ஃபார்மினை நிறுத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. நம் உடம்பு சர்க்கரைக்குச் சீக்கிரம் இடம் கொடுக்கும். அதனால்தான் மற்றவர்களுக்கு பி.எம்.ஐ. 25-ல் சொல்லும் சர்க்கரைப் பரிசோதனையை, ஆசிய வம்சாவளியினருக்கு 23-லேயே பார்க்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். ஆசனமும் வேண்டும், நடையும் வேண்டும், டாக்டரும் வேண்டும்.

யூடியூப்பைப் பார்த்து முதல் நாளே சிரசாசனம் போடுவதும் வேண்டாத வேலை. மைசூரிலும் பிறகு சென்னையிலும் கற்றுக்கொடுத்த கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கு ஏற்ற பயிற்சி என்பதையே வலியுறுத்தினார். அவர் மாணவி இந்திரா தேவி 1940-களிலேயே ஹாலிவுட்டில் யோகா வகுப்பு திறந்துவிட்டார். நாம் விசா வாங்கி வருவதற்கு ரொம்ப காலம் முன்பே அது இங்கே வந்தாச்சு.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கலாமே? பிள்ளைகளைக் கொண்டுவிட்டு காரில் உட்கார்ந்து போன் பார்க்கும் பெற்றோரும் கூடவே செய்யட்டும்.

எங்கள் வீட்டில் காலை ஸ்டாண்டப் மீட்டிங்குக்கு முன்னால் இருபது நிமிடம் பாய் விரிக்கிறோம். அதோமுக சுவானாசனத்தை என் மகள் "டவுன்வர்ட் டாக்" என்கிறாள். தமிழில் பேர் சொல்லிக்கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தால், "அப்பா, முட்டி மடங்குது" என்று என்னையே திருத்துகிறாள்.