அளவின் நேர்மை
திமிரிக்கு அருகிலுள்ள இராணிப்பேட்டையில் பதனிட்ட தோலின் பரப்பு சதுர அடியிலும் தடிமன் மில்லிமீட்டரிலும் அளக்கப்படுகின்றன. தடிமன் பிசகினால் இணைக் காலணிகள் ஒத்தமையா. அத்தகைய நுண்மை மாணவரின் மேசையிலும் கைகூடும். 200 பக்க நூலில் தாள்கள் 100. அட்டையை விலக்கி, தாள்களை அழுத்திப் பிடித்து அளவுகோலால் அளந்து 100ஆல் வகுத்தால், ஒரு தாளின் தடிமன் புலப்படும். 1 மில்லிமீட்டர் பிழை, தாளொன்றுக்கு 0.01 மில்லிமீட்டராகச் சுருங்கும். திருகு அளவியின் மீச்சிற்றளவும் அதுவே. எளிய கருவியின் குறையைச் சிந்தனை ஈடுசெய்கிறது. ஆனால், எதிர்பார்த்த விடைக்கேற்ப அளவீட்டைத் திருத்தி எழுதும் பழக்கத்தை எந்த நுண்கருவியாலும் ஈடுசெய்ய இயலாது. கண்ட அளவைப் பிழையின் எல்லையோடு கண்டவாறே பதிவதுதான் அறிவியலின் முதல் ஒழுக்கம்.