பழங் கிதாரின் பிறப்பாராய்ச்சி

இசைக்கருவி வாங்கப் புகுவோர் பலர் முதலிற் காண்பது அதன் தலை. தலையிற் காண்பது ஆண்டுப் பொறித்த பெயர். பெயர் பெரிதாயின் விலையும் பெரிதாகின்றது. பெயர் சிறிதாயின், அன்றி இல்லையாயின், கருவியைக் கையில் எடுப்பாரும் இலர். இவ்வழக்கம் நேரிதன்று என்பதும், பழைய மின்சாரக் கிதாரொன்றின் பிறப்பையும் இயல்பையும் அறிய விரும்புவோர் பெயரை இறுதியில் நோக்கவேண்டுமேயன்றி முதலில் நோக்குதல் கூடாது என்பதும் எம் கருத்து. இக்கருத்து எமக்கு நூலால் வந்ததன்று. எம் விடுதியில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்றால் வந்தது.

சென்ற ஆண்டு எம் தோழர் ஒருவர், மாலைதோறும் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லி ஈட்டிய பொருளோடு தம் தமக்கையார் அனுப்பிய பொருளையுஞ் சேர்த்து, ரூ. 45,000 கொடுத்துப் பழைய மின்சாரக் கிதார் ஒன்றை வாங்கினார். அதன் தலையிற் ‘கிப்ஸன்’ என்னும் பெயர் பொன்னிறத்தில் விளங்கிற்று. ‘லெஸ் பால்’ வகையைச் சேர்ந்தது, 1982-இல் அமெரிக்காவிற் செய்யப்பட்டது என்று விற்றவர் உறுதி கூறினார். ஒரு திங்கள் வரை விடுதி முழுவதும் அதன் ஒலியை வியந்து பேசிற்று. பின்னர் ஒருநாள் தந்தி மாற்றுங்கால், தலையின்மேல் இருந்த சிறு மூடி கழன்று வீழ்ந்தது. அதனைத் திரும்பப் பொருத்துமுன் கிப்ஸன் கிதாரின் படமொன்றை நோக்கிய தோழர்க்கு ஐயம் பிறந்தது. படத்தில் அம்மூடிக்கு இரண்டு திருகு, கையிலிருந்ததற்கு மூன்று.

ஐயம் அறுக்கும் முறை தமிழ் பயிலும் எமக்குப் புதிதன்று. ஒரு நூலின் காலத்தையும் ஆசிரியரையும் துணியப் புகுவோர், ஏட்டின் முகப்பில் எழுதிய பெயரொன்றாலே அமைதியுறுவதில்லை. அகத்தியர் பெயரால் வழங்கும் வைத்திய நூல்கள் பல, சொல்லும் நடையும் நோக்குவார்க்குப் பிற்காலத்தனவாகவே புலப்படுகின்றன. அகச்சான்று இது, புறச்சான்று இது என வகுத்து, ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்று பார்த்த பின்னரே அறிஞர் முடிவு கூறுவர். அம்முறையையே யாம் கிதாரின்மேற் செலுத்தினோம்.

முதலில் எண்ணை எடுத்துக்கொண்டோம். கிப்ஸன் கம்பெனியார் 1977-இல் தலையின் பின்புறத்தில் எட்டு இலக்கம் பொறிக்கும் முறையைத் தொடங்கினர். அவற்றுள் முதலாவதும் ஐந்தாவதும் ஆண்டினைக் குறிக்கும். இரண்டு, மூன்று, நான்காம் இலக்கங்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். இறுதி மூன்றும் வரிசையைக் குறிக்கும். எம் தோழர் கிதாரில் முதலாவது 8, ஐந்தாவது 2. ஆகவே 1982 என்று விற்றவர் சொல்லியது பொருந்துவதுபோல் இருந்தது. ஆனால் இடையிலிருந்த மூன்றும் 412! நானூற்றுப் பன்னிரண்டு நாளுடைய ஆண்டு எந்நாட்டுப் பஞ்சாங்கத்தில் உண்டு? எழுதியவர் ஆண்டின் இடத்தை அறிந்திருந்தார். நாளின் இடத்தை அறிந்திலர்.

எனினும் எண் ஒன்றைக்கொண்டே தீர்ப்புச் சொல்லுதல் பெயர் ஒன்றைக்கொண்டே தீர்ப்புச் சொல்லுதற்கு ஒப்பான பிழையாகும். 1970-க்குப் பின் சில ஆண்டுகள் கிப்ஸன் பொறித்த ஆறிலக்க எண்கள், அதற்கு முந்திய ஆண்டுகளின் எண்களோடு மயங்குவன. பெண்டர் கம்பெனியாரோ 1976 வரை பெரும்பாலும் கழுத்தை உடலோடு பிணிக்கும் தகட்டிலேயே எண்ணைப் பொறித்து வந்தனர். திருகுகளைக் கழற்றினால் அத்தகடு வேறொரு கிதாருக்கு எளிதில் மாறிவிடும். அவ்வெண் தகட்டின் வயதைச் சொல்லுமேயன்றிக் கிதாரின் வயதைச் சொல்லாது.

ஆதலின் உடலை நோக்கினோம். லெஸ் பால் வகை 1952-இல் முதன்முதல் வெளிவந்தது. அதன் கழுத்து உடலிற் பசையிட்டு இணைக்கப்படுவது. கழுத்தைத் திருகிட்டு இணைத்தல் பெண்டரின் வழக்கம். எம் முன்னிருந்த கிதாரிற் பெயர் ஒருவருடையதாகவும் மூட்டு மற்றவருடையதாகவும் இருந்தன. அம்மூட்டின் தகடு புதியது, எழுத்தொன்றும் இல்லாதது. அதனைப் பிணித்த நான்கு திருகுகளோ துருவேறியவை. பழைய தகட்டில் யாதோ எழுதியிருந்தது என்பதும், அது விற்றவர்க்கு வேண்டாததாயிற்று என்பதும் இதனால் உய்த்துணரத்தக்கன. அன்றியும், முன்புறத்தை விரலால் தட்டியபோது வெற்றொலி கேட்டது. கிப்ஸன் செய்வது மகாகனி மரத்தின்மேல் மேப்பிள் பலகை ஒட்டிய திண்ணிய உடல். இதிலோ மெல்லிய ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்து மேலே பொருத்தி, அதனடியில் வெற்றிடம் விட்டிருந்தனர்.

பின்மூடியைத் திறந்தோம். ஒலியைக் கூட்டவுங் குறைக்கவும் உதவும் குமிழ்களின் அடியில் உள்ள ‘பாட்’ என்னும் உறுப்பு, காலம் துணிவார்க்கு நல்ல சான்று. அமெரிக்கப் பாட்டுகளிற் பெரும்பாலும் செய்தவரும் ஆண்டும் வாரமும் எண்ணாற் குறிக்கப்பட்டிருக்கும். 1377633 என்று காணின், 137 என்பது சி.டி.எஸ். கம்பெனியையும், 76 என்பது 1976-ஐயும், 33 என்பது அவ்வாண்டின் முப்பத்துமூன்றாம் வாரத்தையும் உணர்த்தும். பாட்டு மாற்றப்படாததாயின், கிதார் அவ்வாரத்திற்கு முற்பட்டதன்று என்று துணியலாம். அவ்வாரத்திலேயே செய்யப்பட்டது என்று துணிதல் ஆகாது; பாட்டு பன்னாள் அலமாரியிற் கிடந்திருத்தலுங் கூடும். எம் தோழர் கிதாரின் பாட்டுகளில் இத்தகைய எண் இல்லை. குமிழ் அமருந் தண்டை அளந்தோம். அது 6 மில்லிமீட்டர். அமெரிக்கர் வழங்குவது கால் அங்குலம், அஃதாவது 6.35 மில்லிமீட்டர்.

இனி, தந்தியின் அசைவை மின்னோட்டமாக மாற்றும் பிக்கப்புகள். ‘ஹம்பக்கர்’ என்னும் பிக்கப், கிப்ஸன் கம்பெனியிற் பணிபுரிந்த ஸெத் லவர் என்பவரால் 1955-இல் வகுக்கப்பட்டது. அஃது இரண்டு கம்பிச் சுருள்களை எதிரெதிராக அமைத்து, மின்சாரத்தால் எழும் இரைச்சலை ஒன்றால் ஒன்று அழியச் செய்வது. எம் கிதாரின் ஒரு பிக்கப்பில் மூடி இரண்டு சுருளுக்கு உரியது. உள்ளே இருந்ததோ ஒரே சுருள். மற்றொன்றில் இரண்டு சுருளும் இருந்தன. ஆனால் அதன் கம்பிகளைப் பற்றவைத்த ஈயம் பளபளத்தது, ஏனைய ஈயம் மங்கியிருந்தது. ஆகவே அஃது அண்மையில் மாற்றப்பட்டதாதல் வேண்டும். இறுதியிற் கழுத்தைக் கழற்றியபோது, அது பொருந்தியிருந்த குழியில் ஜப்பானிய எழுத்து முத்திரை ஒன்று கண்டோம். இச்சான்றுகள் யாவும் ஒருமுகமாக, அக்கிதார் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானிற் பிறந்தது என்று காட்டின.

ஜப்பான் நாட்டிலே மாட்ஸுமோட்டோ என்னும் நகரமும் அதன் சுற்றுப்புறமும் கிதார்த் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. 1960-இல் நிறுவப்பட்ட பூஜிஜென் தொழிற்சாலை ஆண்டுள்ளது. 1987-இல் மூடப்பட்ட மாட்ஸுமோகு தொழிற்சாலையும் ஆண்டிருந்ததே. அதன் தச்சர் கிதார் செய்யப் புகுமுன் ஸிங்கர் தையற்பொறிகளுக்கு மரப்பெட்டி செய்து பழகியவர். இத்தகைய தொழிற்சாலைகள் வணிகர் வேண்டியவாறு ஒரே பட்டடையிற் செய்த கருவிகளுக்குப் பல்வேறு பெயரிட்டு அனுப்பின. ஆதலின் அக்காலத்து ஜப்பானியக் கிதாரின் தலையிலுள்ள பெயர் பெரும்பாலும் விற்றவர் பெயரேயன்றிச் செய்தவர் பெயரன்று. அமெரிக்கக் கிதார்களின் வடிவத்தை அவர்கள் அப்படியே பின்பற்றியதும் உண்மை. அதுபற்றிக் கிப்ஸனின் உடைமையாளராகிய நார்லின் கம்பெனியார், ஐபனெஸ் கிதார்களை அமெரிக்காவில் விற்ற கம்பெனியின்மேல் 1977-இல் வழக்குத் தொடுத்தனர். வழக்கு எழுந்தது தலையின் வடிவத்தைப் பற்றியே. மறுவாண்டு தீர்ப்பின்றி உடன்பாட்டில் முடிந்தது. இன்று பழைய ஜப்பானியக் கிதார் ஒவ்வொன்றையும் ‘வழக்குக் கிதார்’ என்று கூறி விலையேற்றுவோர் உளர்; அப்பெயரும் ஆராயாது கொள்ளத்தக்கதன்று. பெண்டர் கம்பெனியாரோ 1982-இல் ஜப்பானியரோடு கூடிப் பெண்டர் ஜப்பான் என்னும் கம்பெனியை நிறுவி, பூஜிஜென்னிலேயே தம் பெயரிற் கிதார் செய்வித்தனர். போலி செய்தவர் என்று இகழப்பட்ட கைகளையே உரிமையாளர் நாடிச் சென்றனர் என்றால், அக்கைகளின் திறத்துக்கு வேறு சான்று வேண்டா.

இவற்றையெல்லாம் தோழர்க்கு எடுத்துரைத்தும் அவர் தேறினாரல்லர். கிதாரைச் சுவர்ப்புறமாகத் திருப்பி வைத்தார். விற்றவர் பணத்தை மீளத் தர மறுத்துவிட்டார். அச்சமயம் எமக்கு ஓராண்டு இளைய மாணவர் ஒருவர் வந்து, வாங்கிய விலைக்கே அதனைத் தமக்குத் தருமாறு கேட்டார். “தலையிற் பெயர் இருக்கின்றது, எண்ணும் இருக்கின்றது. நாம் ஒன்றுஞ் சொல்ல வேண்டுவதில்லை, கேட்டால் வாங்கினவாறே விற்றோம் என்போம்” என்று விடுதியிற் சிலர் கூறினர். அச்சொல் எமக்கும் ஒரு கணம் இனிதாகவே இருந்தது என்பதை ஈண்டு மறைத்தல் தகாது. தமக்கையார் அனுப்பிய பணம் அன்றோ?

ஆயினும் எண்ணிப் பார்க்குங்கால், முதலில் விற்றவர் செய்ததும் இஃதேயன்றோ? அவர் பொய்யென்று அறிந்தே சொன்னார். யாமோ பொய்யென்று அறிந்தும் சொல்லாதிருப்போம். கெடுவது இரண்டிடத்தும் ஒரு மாணவனின் பொருளே. அறிந்த பின் வாய்மூடியிருப்பவன் அறியாதவன் ஆகான்.

மற்றொரு தவற்றையும் அன்று உணர்ந்தோம். பெயரை நம்பி விலை கொடுத்தது முதற் பிழை. பெயர் பொய்யென்றதும் கருவியை வெறுத்தது இரண்டாம் பிழை. இரண்டும் ஒரே வேரிற் கிளைத்தன. முன் திங்கள் எல்லோரும் வியந்த ஒலி அக்கிதாரின் ஒலிதானே? இடையில் ஒரு கம்பியும் மாறவில்லை, ஒரு மெட்டும் தேயவில்லை. நூலை அகத்தியர் எழுதிற்றிலர் என்று தெளிந்தமையால் அந்நூலிற் கூறிய கஷாயம் குணமற்றதாகிவிடுமோ?

“ஒலி நன்றாயிற் போதாதோ? பிறப்பாராய்ச்சி எதற்கு?” என்று வினவுவார்க்கு விடை கூறுவோம். முதலாவது, விலை நேர்மை. ஜப்பானியக் கிதாருக்கு அமெரிக்கக் கிதாரின் விலை கேட்டல் களவேயாம். இரண்டாவது, பழுது பார்த்தல். அங்குல அளவிற் செய்த குமிழும் திருகும் மெட்ரிக் அளவிற் செய்த கருவிக்குப் பொருந்தா. வலிந்து பொருத்தினால் உள்ளதுங் கெடும். மூன்றாவது, மரம். பிரேஸில் ரோஸ்வுட் 1992 முதல் உலக நாடுகளின் உடன்படிக்கையாற் கடுமையாகக் காக்கப்படுவது. அம்மரத்தாலாகிய கிதாரை அனுமதியின்றி நாடு கடத்தல் இயலாது. ஆகவே தன் கருவி எதனால் ஆயது என்று அறியாதவன் பின்னர் இடர்ப்படுவான்.

வாங்குவோர்க்கு யாம் சொல்வது இது. பெயரைக் கையால் மறைத்துவிட்டு, மூட்டைப் பாருங்கள். முன்புறத்தைத் தட்டிப் பாருங்கள். பின்மூடியைத் திறக்குமாறு கேளுங்கள். திறக்க உடன்படாதவரிடம் வாங்காதீர்கள். கழுத்தின் உச்சியில் தந்திகள் அமரும் இடத்திலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை அளந்து இரட்டித்துக்கொள்ளுங்கள். 25½ அங்குலம் பெண்டர் வழக்கு. 24¾ அங்குலத்தை ஒட்டியது கிப்ஸன் வழக்கு. இவையெல்லாம் ஒத்த பின்னர்க் கையை எடுத்துப் பெயரைப் படியுங்கள். விற்போர்க்குச் சொல்வது அதனினும் எளிது: மாற்றிய உறுப்பை மாற்றியது என்று சொல்லுங்கள், கழற்றிய பழைய உறுப்பையும் உடன் கொடுங்கள், எண்ணைச் சுரண்டாதீர்கள்.

எம் தோழர் அக்கிதாரை விற்கவில்லை. கேட்டு வந்த இளையவரை அமர்த்தி, மூன்று திருகு மூடி முதல் ஜப்பானிய முத்திரை வரை ஒவ்வொன்றாகக் காட்டினார். பின்னர்ப் பொய்ப் பெயரை மெல்லத் தேய்த்து நீக்கினார். ஏட்டின் இறுதியில் எழுதினோன் குறிப்பெழுதுவது போல, ஒரு சிறு தாளில், ‘ஜப்பான், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகள், செய்தவர் தெரியவில்லை, ஒரு பிக்கப்பும் கழுத்துத் தகடும் பின்னர் மாற்றப்பட்டன, தலையிலிருந்த பெயர் இதனுடையதன்று’ என்று எழுதி, பின்மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தார். இனி அக்கிதார் எவர் கைக்குச் சென்றாலும், மூடியைத் திறப்பவர்க்கு உண்மை கிடைக்கும். பழங்கருவி உடையார் ஒவ்வொருவரும் இவ்வாறு ஒரு தாள் எழுதி வைப்பாராயின், நம்மைப்போல் ஏமாறுவோர் குறைவர்; பெயரறியாத் தச்சர்க்கும் உரிய மதிப்பு ஓரளவேனும் சேரும்.