பழஞ்சொல்லும் புனைவேடமும்

வடஅமெரிக்காவில் ஆண்டுதோறும் ஒரு விந்தை நிகழ்கின்றது. ஐந்து நாள் அலுவலகத்தில் அமர்ந்து கணக்கும் கணிப்பொறியும் பார்த்துக் களைத்த ஆடவரும் பெண்டிரும், ஓய்வுநாள் வந்ததும் நானூறு ஐந்நூறு ஆண்டுகட்கு முந்தைய உடையை உடுத்துத் திறந்த வெளியிற் கூடுகின்றனர். உடையோடு நில்லாது மொழியையும் மாற்றிக்கொள்கின்றனர். எதிர்ப்பட்டாரைப் 'பெருமானே' என்றும் 'பெருமாட்டியே' என்றும் விளிக்கின்றனர். நேற்றுவரை ஒற்றைச் சொல்லில் முடித்த மறுமொழியை இன்று மூன்று அடைமொழியிட்டு நீட்டுகின்றனர். 1963-இல் இலாசு ஏஞ்சலிசு நகரில் தொடங்கிய மறுமலர்ச்சிக் காலப் பெருவிழாவும், 1966-ஆம் ஆண்டு மே முதல் நாள் பெர்க்கிலி நகரில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தே நடந்த போர்விளையாட்டினின்று வளர்ந்த கழகமொன்றும் இப்பழக்கத்திற்கு வாயில்களாயின. அக்கழகத்தார் தம் நிலப்பரப்பை அரசுகளாகப் பகுத்துக்கொண்டுள்ளனர். பிரம்பினாற் செய்த வாள்கொண்டு பொருது வென்றவரே அங்கு வேந்தராவர். சில திங்கள் கழிந்ததும் முடி இன்னொருவர் தலைக்கு மாறும்.

இதனைப் பொழுதுபோக்கென்றும் பித்தென்றும் நகைத்து ஒதுக்குவது எளிது. ஆயின் அறிவும் தொழிலும் உடையோர் ஏன் பழஞ்சொல்லைத் தேடி ஓடுகின்றனர்? அவர்தம் அன்றாட மொழியை வாணிகம் வற்றடித்துவிட்டது. கடையில் நிற்கும் பணிமகள் வருவோர்க்கெல்லாம் 'இந்நாள் இனிதாகுக' என்கின்றாள். அஃது அவள் நெஞ்சினின்று வருவதன்று, முதலாளி கற்பித்தது. இத்தகைய மொழியில் ஒருவன் தன் நண்பனை மனமாரப் புகழ முற்பட்டால் அவன் நாவே கூசுகின்றது, கேட்பவனும் நெளிகின்றான். பழைய உடைக்குள்ளும் பழைய சொல்லுக்குள்ளும் புகுந்துகொண்டாலோ அக்கூச்சம் அகல்கின்றது. 'நின் வீரம் வாழ்க' என்று வேடத்தின் வாயாற் கூறலாம். சரக்குந்து ஓட்டுபவனும் கல்லூரி ஆசிரியனும் ஒரே விளியால் அழைக்கப்படுவதும் அங்குத்தான். இதனைப் பசி என்பதே பொருந்தும்.

பசி மெய்யே, சோறுதான் மெய்யன்று. ஆங்கிலத்தில் 'தௌ' என்பது முன்னிலை ஒருமை, நம் 'நீ' போன்றது. 'யூ' பன்மையாயிருந்து பின்னர் மதிப்புப் பன்மையாக ஒருவரையும் குறித்தது. 17-ஆம் நூற்றாண்டில் 'தௌ' நாட்டுப்புற வழக்குகளில் ஒதுங்கிப் பொதுப்பேச்சினின்று மறையலாயிற்று. ஆயினும் 1611-இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பு அதனைப் போற்றி வைத்தமையால், கோயிலில் மட்டும் கேட்ட அச்சொல் பின்வந்தார்க்கு மிக உயர்ந்த சொல்லாகத் தோன்றிற்று. இன்று விழாக்களத்தில் வேந்தன்முன் மண்டியிட்டு அவனைத் 'தௌ' என்கின்றவன், அப்பழங்கால வழக்கின்படி அவனை 'நீ' என்று ஏகவசனத்தில் இழித்துரைத்தவனே ஆவான்! கடைப்பலகைகளில் பழமைக்கு அடையாளமாக எழுதும் 'யீ' என்பதும் அத்தகையதே. அது சுட்டிடைச்சொல்லின் முதலெழுத்தாகிய பழைய 'தார்ன்' எழுத்துக்கு மாற்றாக ஒய் எழுத்தை இட்டதனால் வந்த பிறழ்ச்சியேயன்றி, எக்காலத்தும் அவ்வாறு ஒலிக்கப்பட்டதன்று.

இதே 'தௌ' என்னும் சொல்லுக்காக அடிபட்டோரும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் சார்ச்சு பாக்சு என்பாரைப் பின்பற்றிய குவேக்கர் குழுவினர், செல்வர்க்கும் நடுவர்க்கும் மதிப்புப் பன்மை வழங்க மறுத்தனர். இறைவனையே ஒருமையில் விளிக்கும் நா, நிலக்கிழானை மட்டும் பன்மையில் ஏன் வணங்கவேண்டும் என்பது அவர்தம் வினா. தாமசு எல்வுட்டு என்னும் இளைஞர் தந்தையிடமும் அச்சொல்லையே வழங்கினார். மீண்டும் அவ்வாறு சொன்னால் பல்லை உடைப்பேன் எனத் தந்தை சீறியதை அவரே தம் வரலாற்றில் எழுதி வைத்துள்ளார். கண்ணிழந்த மில்டனுக்கு நூல் படித்துக்காட்டியவரும் இவ் எல்வுட்டே. ஆயின் ஊரார் அச்சொல்லைக் கைவிட்ட பின்னும் குவேக்கர் தமக்குள் அதனை விடாது காத்தனர். 19-ஆம் நூற்றாண்டிற்குள் சமனிலை கேட்ட சொல் குழுவின் அடையாளக் குறியாய்ச் சுருங்கிற்று. எவர் முன்னும் தலைவணங்காத சொல்லைக் கேட்டவர், 'பழைய பாணி' என்று புன்முறுவல் செய்து கடந்தனர்.

மேற்சொன்ன கழகத்தாரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. தொலைபேசியை அதன் கிரேக்க வேர்ப்பெயரால் அழையாது, 'தொலைவில் பேசி' எனப் பொருள்படும் தம் சொற்களை இணைத்து விளையாட்டாகக் குறிப்பர். உந்துவண்டி அவர்க்கு 'அரவப்பூதம்'. இவை அவர்க்கு நகைப்புக்குரியவை. ஆனால் 'தொலைபேசி' என்பது தமிழன் நாள்தோறும் எழுதும் சொல்லன்றோ! 1801 முதல் 1886 வரை வாழ்ந்த பாவலர் வில்லியம் பார்ன்சு, பேருந்தின் இலத்தீன் பெயரை நீக்கி 'மக்கள் வண்டி' எனத் தம் மொழியில் ஆக்கினார். இலக்கணத்திற்குப் 'பேச்சுத்தொழில்' எனப் பெயரிட்டு 1878-இல் நூலும் எழுதினார். அவர் சொற்கள் வழக்கில் வேரூன்றவில்லை. 1989-இல் அறிவியற் புனைகதையாளர் போல் ஆண்டர்சன் அணுவியலை முழுதும் செருமானிய வேர்ச்சொற்களால் எழுதிக் காட்டினார். நீரகத்தை 'நீர்ப்பொருள்' என்றார். படித்தவர் வியந்தனர், மகிழ்ந்தனர், தாளை மடித்து வைத்தனர். ஆங்கிலத்திற்கு அஃதொரு விளையாட்டு; இலத்தீன் கலந்தமையால் ஆங்கிலச் சிறுவன் எவனும் பள்ளியையோ வழக்குமன்றையோ இழக்கவில்லை. வலியவன் கடன் வாங்குவதும் மெலியவன்மேல் கடன் ஏற்றப்படுவதும் ஒன்றல்ல.

தனித்தமிழ் வழங்குவாரை 'நாடக மேடையினின்று இறங்கி வந்தவர்' என எள்ளுவோர் இவ்வேறுபாட்டை அறியாதார். பேருந்தும் மிதிவண்டியும் தொலைபேசியும் கழகக் காலத்துச் சொற்களல்ல; நேற்றுப் படைக்கப்பட்டவை. ஆயினும் அவ் எள்ளலுக்கு இடந்தருவார் தனித்தமிழார்க்குள்ளும் உளர் என்பதை மறைத்தற்கில்லை. 'எப்படி' என்பது தூய தமிழாயிருக்க 'யாங்ஙனம்' எனக் கடைத்தெருவில் வினவுவதும், திருமண அழைப்பில் 'மன்றல்' என அச்சிட்டு உறவினரை அகரமுதலி தேடச்செய்வதும், மேடையேறினால் எதுகை கிடைக்கும்வரை பொருளை நிறுத்திவைப்பதும் அமெரிக்க விழாக்களத்து வேடத்தினும் வேறல்ல. ஒருபுறம் ஊர்ப்புறத்து மூதாட்டி, எவ்வியக்கமும் அறியாமலே, சாதமென்னாது 'சோறு' என்கின்றாள். மறுபுறம், 'பேருந்து நிலையம்' எனப் பெரிய எழுத்தில் பொறித்த பலகையின் கீழே நிற்பவர், தாம் ஏறவேண்டிய வண்டியை இன்னும் ஆங்கிலப் பெயராலேயே கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.