அஞ்சு ஓட்டை இருந்தா போதுமா?

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று ஜோசியர் விரல் விட்டு எண்ணுகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஆனால், பழைய ஜீப்புக்கு வேறு வீல் மாட்ட நினைக்கிற நம் ஆட்கள் பார்ப்பது ஒரே ஒரு பொருத்தம்தான். 'அதுலயும் அஞ்சு ஓட்டை, இதுலயும் அஞ்சு ஓட்டை. மாட்டுடா!'

ஆபீஸில் நாற்காலி தேய்க்கிற இளைஞர்களுக்கு இப்போது பழைய ஜீப் மேல் ஒரு காதல். பி.எஃப். லோன் போட்டாவது ஒரு மஹிந்திராவையோ, மாருதி ஜிப்ஸியையோ பிடித்துவிடுகிறார்கள். வாங்கிய மறுநாளே 'வீல் மாத்தணும் சார், கொஞ்சம் கம்பீரமா இருக்கணும்' என்று ஆரம்பிக்கிறார்கள். பிள்ளை பெற்ற அன்றே ஸ்கூல் அட்மிஷன் தேடுகிற அவசரம்!

பழைய ஜீப்களில் இந்த 'மாட்டிப் பார்' பழக்கம் சும்மா வரவில்லை. அதற்குச் சரித்திரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லீஸ் கம்பெனி எம்.பி. என்றும், ஃபோர்டு கம்பெனி ஜி.பி.டபிள்யூ. என்றும் ஒரே ஜீப்பைத்தான் செய்தார்கள். இரண்டும் சேர்த்து 6 லட்சத்துக்கு மேல். அதன் பாகம் இதில் பொருந்த வேண்டும், இதன் பாகம் அதில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கண்டிப்பு. குண்டு விழுந்த இரண்டு ஜீப்களை வைத்து ஓடுகிற ஜீப் ஒன்றைச் செய்துகொள்ளலாம் அல்லவா? ஃபோர்டுக்காரர்கள் மட்டும் தங்கள் பாகங்களில் 'எஃப்' என்று குட்டியாக ஒரு முத்திரை குத்தி வைத்தார்கள். எவர்சில்வர் டம்ளரில் பேர் வெட்டுகிற நம் வீட்டு அம்மாக்கள் மாதிரி.

அந்த வம்சம்தான் நம் நாட்டுக்கும் வந்தது. 1945-ல் 'மஹிந்திரா அண்ட் முகமது' என்று ஆரம்பித்த கம்பெனி, பாகிஸ்தான் பிரிந்த பிறகு 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. (பிரிந்து போன பங்குதாரர் குலாம் முகமது, பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியாகி, பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். ஜீப் பிசினஸை விட்டவர் கெட்டுப் போகவில்லை!) அவர்கள் வில்லீஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்றார்கள். அதனால் வில்லீஸின் அஞ்சு போல்ட் கணக்கு அப்படியே சி.ஜே.3.பி., எம்.எம்.540 வரை வந்தது. 1985-ல் வந்த ஜிப்ஸிக்கும், அதாவது சுஸுகிக்கும், அதே கணக்கு.

இங்கேதான் வினையே ஆரம்பம்.

* * *

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பர் ஒருவர் பழைய ஜிப்ஸி வைத்திருந்தார். அதற்குப் பழைய ஜீப்பின் 16 இஞ்ச் வீல்களை ஒரு கடையில் வாங்கி மாட்டினார். கடைக்காரர் தாராளப் பிரபு. வீலோடு இருபது நட்டும் இலவசமாகத் தந்தார். மாட்டின பையன், "சார், நட்டு வெண்ணெய் மாதிரி ஏறுது" என்று சந்தோஷப்பட்டான். நண்பரும் சந்தோஷப்பட்டு அவனுக்கு இருபது ரூபாய் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. நண்பர், அவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், பின்சீட்டில் நான். நாமக்கல் தாண்டும்போதே இடது பக்கம் 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். "ரோடு சரியில்ல" என்றார் நண்பர். ரோடு நன்றாகவே இருந்தது. அடிவாரத்தில் காரவள்ளியில் டீக்கு நிறுத்தினோம். சின்னப் பெண் வீலைக் காட்டி, "அப்பா, இதுல மூணுதான் இருக்கு" என்றாள்.

இடது முன் வீலில் இரண்டு நட்டைக் காணோம். மிச்சமிருந்த மூன்றில் ஒன்றை நான் விரலால் தொட்டேன். பல்லாட்டம் மாதிரி ஆடியது. மேலே 70 வளைவு காத்துக்கொண்டிருந்தது. நண்பரின் மனைவி ஒன்றுமே பேசவில்லை. குழந்தைகளை இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நண்பர் இன்றைக்கும் சொல்வார்.

* * *

சென்னை வந்ததும் நண்பரை இழுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டிகளைப் பிரித்து மேய்கிற அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் இருக்கிறார். நாற்பது வருஷ அனுபவம். நட்டை வாங்கி நகத்தால் தடவினார். சிரித்தார்.

"சார், இது ஜீப்பு நட்டு. அரை இஞ்சு. உங்க ஸ்டட்டு பன்னெண்டு எம்மெம். எறங்கத்தான் செய்யும், நிக்காது."

"ஓட்டை அஞ்சும் கரெக்டா உக்காந்துதே பாய்?" என்றார் நண்பர்.

"அஞ்சு வெரல் இருக்கறவனெல்லாம் வீணை வாசிப்பானா சார்?"

பிறகு பாய் ஸ்கேலும் சாக்பீஸுமாகத் தரையில் உட்கார்ந்து பாடம் நடத்தினார். அவர் சொன்னதையும், நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, வீலின் ஐந்து பொருத்தங்களாகத் தருகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பொருத்தம்: வட்டம். போல்ட்களின் நடுப்புள்ளிகள் வழியாக ஒரு வட்டம் போட்டால், அதன் விட்டம்தான் பி.சி.டி. வில்லீஸ், பழைய மஹிந்திரா, ஜிப்ஸி, 2023-ல் இங்கே வந்த ஜிம்னி, ரஷ்யாவின் லாடா நிவா எல்லாமே ஐந்தரை இஞ்ச், அதாவது 139.7 மில்லிமீட்டர். லேண்ட்ரோவர் கதை வேறு. 1947-ல் முதல் மாதிரியை ஜீப்பின் சேஸிஸ் மேலேயே கட்டிப் பார்த்தவர்கள், 1948-ல் விற்பனைக்கு வந்தபோது ஆறரை இஞ்ச் வட்டத்துக்குப் போய்விட்டார்கள். 165.1 மில்லிமீட்டர். மாமன் மடியில் வளர்ந்த பிள்ளை, ஆனால் மாமன் செருப்பு சேராது.

சொந்த வம்சத்திலேயே இந்தக் கூத்து உண்டு. அமெரிக்காவில் 1986 வரை வந்த சி.ஜே. ஜீப்களுக்கு ஐந்தரை இஞ்ச். அடுத்து வந்த ராங்ளருக்கு நாலரை இஞ்ச். 2007 மாடல் ராங்ளருக்கு ஐந்து இஞ்ச். தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் மூன்று அளவு. டொயோட்டாவின் பழைய லேண்ட் க்ரூஸரோ நமக்குள்ள அதே ஐந்தரை இஞ்ச் வட்டம்தான். ஆனால் ஓட்டை ஆறு!

ஐந்து போல்ட்டில் எதிரெதிரே போல்ட் கிடையாது. எப்படி அளப்பது? பக்கத்துப் பக்கத்து போல்ட்களை அளந்தால் போதும். ஒன்றின் இடது ஓரத்திலிருந்து அடுத்ததன் இடது ஓரம் வரை. 82 மில்லிமீட்டர் வந்தால் ஜீப், ஜிப்ஸி குடும்பம். 97 என்றால் லேண்ட்ரோவர். 67 என்றால் நாலரை இஞ்ச்காரர். வந்த அளவை 1.7-ஆல் பெருக்கினால் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய வந்துவிடும். காலேஜில் படித்த டிரிக்னாமெட்ரி உபயோகப்படுகிற ஒரே இடம் இதுதான்.

'கொஞ்சம்தான் சார் வித்தியாசம், ஓட்டையை ஓவலாக்கிடலாம்' என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். ஓவல் ஓட்டையில் நட்டின் கூம்பு முழுசாக உட்காராது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த ஸ்டட் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்து, ஒரு நாள் முறியும்.

இரண்டாம் பொருத்தம்: நடு ஓட்டை. வீலின் நடு ஓட்டைக்குள் ஹப் நுழைய வேண்டும். சுஸுகி வீலின் ஓட்டை சுமார் 108 மில்லிமீட்டர். நிவாவுடையது சுமார் 98. வட்டம் ஒன்றேயானாலும் நிவா வீல் ஜிப்ஸி ஹப்பில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். ஃபோர் வீல் ஜீப்பின் முன் ஹப் வேறு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அலாய் வீல் வாங்குகிறவர்கள் பின்பக்கம் மாட்டிப் பார்த்துத் திருப்திப்படாமல், முன்பக்கமும் மாட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பொருத்தம்: மரை. இதுதான் ரஜ்ஜு. மாங்கல்ய பலமே இதில்தான். வில்லீஸ் வழி ஸ்டட் அரை இஞ்ச் தடிமன், இஞ்சுக்கு 20 மரை. மரைக்கு மரை இடைவெளி 1.27 மில்லிமீட்டர். சுஸுகி ஸ்டட் 12 மில்லிமீட்டர் தடிமன், இடைவெளி 1.25. வித்தியாசம் வெறும் 0.02 மில்லிமீட்டர்! அதனால்தான் ஜீப் நட் ஜிப்ஸி ஸ்டட்டில் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. ஆனால் தடிமனில் 0.7 மில்லிமீட்டர் குறைவு. மரைகள் நுனியில் மட்டும் லேசாகக் கவ்வும். முறுக்கினால் வழித்துக்கொண்டு வரும். நட் வெண்ணெய் மாதிரி ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். பாயின் சூத்திரம்: "நட்டு ஸ்டட்டோட சொந்தம் சார், டிஸ்க்கோட சொந்தம் இல்ல." வீல் யார் வீட்டிலிருந்து வந்தாலும், நட் உங்கள் ஸ்டட்டின் அளவில்தான் வாங்க வேண்டும். அதன் கூம்பு புது வீலின் குழியில் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதிலே ஒரு உள்பொருத்தம். பழைய வில்லீஸ் ஜீப்களில் இடது பக்கத்து வீல்களுக்கு இடது மரை. வீல் சுற்றும் திசையில் நட் கழன்றுவிடக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. விஷயம் தெரியாத பஞ்சர் கடைப் பையன் ஸ்பேனர் மேல் ஏறிக் குதிப்பான். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவான். கடைசியில் 'டமார்'! ஸ்டட் அவன் காலடியில் கிடக்கும். பழைய ஜீப் என்றால் ஸ்டட் நுனியில் 'எல்' என்று இருக்கிறதா, முதலில் பாருங்கள்.

நான்காம் பொருத்தம்: ஆஃப்செட். வீல் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காருகிறது, எவ்வளவு வெளியே என்கிற கணக்கு. வெளியே தள்ளினால் பார்க்கப் பயில்வான் மாதிரி இருக்கும். ஆனால் பேரிங் மேல் பாரம் ஏறும், ஸ்டியரிங் கனக்கும், சேறெல்லாம் உங்கள் சட்டையில். உள்ளே தள்ளினால் டயர் பட்டாவில் உரசும். மாட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு இன்னொரு தரம் பாருங்கள். நின்ற வண்டியில் உரசாதது, கணம் கூடினால் உரசும்.

ஐந்தாம் பொருத்தம்: உயரம். ஜீப்பின் 6.00-16 டயர் சுமார் 72 சென்டிமீட்டர் உயரம். ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயர் சுமார் 67. 'முன்னாடி ரெண்டு இது, பின்னாடி ரெண்டு அது' என்று மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் கியரைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு கிலோமீட்டருக்குள் சின்ன வீல் பெரியதைவிட முப்பது சுற்றுக்கு மேல் அதிகம் சுற்ற வேண்டும். இந்தப் பழைய வண்டிகளிலோ ஃபோர் வீலில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். நடுவில் விட்டுக்கொடுக்க ஆள் இல்லாத கூட்டுக்குடும்பம். சேற்றில் என்றால் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். தார் ரோட்டில் முறுக்கேறி டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லைக் கொட்டிவிடும். எனவே நான்கும் ஒரே உயரம். ஸ்டெப்னியும்தான். நாலை மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பழசாகவே விடுகிறவர்கள், பஞ்சர் ஆகிற அன்று பாதி ராத்திரியில் இந்தப் பத்தியை நினைத்துக்கொள்வார்கள்.

* * *

இன்னொன்று. விளையாட்டாகச் சொல்லவில்லை. யுத்த கால வில்லீஸ் வீல்களில் ஒரு வகை, இரண்டு பாதிகளை எட்டு போல்ட் போட்டுச் சேர்த்துச் செய்தது. பழைய சாமான் சேர்க்கிறவர்களிடம் இது இருக்கும். வண்டியில் மாட்டுகிற ஐந்து நட் ஒரு வரிசை. இரண்டு பாதியைப் பிடித்திருக்கும் நட்கள் அதற்கு வெளியே இன்னொரு வரிசை. காற்று இருக்கும்போது அந்த வெளி வரிசையைக் கழற்றினால் வீல் வெடித்து ஆளையே கொன்றுவிடும். வால்வைப் பிடுங்கிக் காற்று முழுக்கப் போன பிறகுதான் கை வைக்க வேண்டும். தெரியாத பஞ்சர் கடையில் கொடுத்தால், பக்கத்தில் நின்று சொல்லிவிட்டு வாருங்கள்.

சட்டமும் நடுவில் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே அழுத்திச் சொன்னது. மட்கார்டுக்கு வெளியே அரை அடி நீட்டிக்கொண்டிருக்கும் வீலோடு எஃப்.சி.க்குப் போய், இன்ஸ்பெக்டரிடம் வீரம் பேசாதீர்கள்.

இவ்வளவும் பார்த்து, ஐந்தும் பொருந்தி வந்தால் தாராளமாக மாட்டுங்கள். நட்களை வரிசையாக முறுக்காமல் ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திரம் போடுகிற மாதிரி முறுக்குங்கள். அத்தோடு முடிந்ததா? இல்லை. கல்யாணம் ஆனால் மறுவீடு அழைக்கிறோம் அல்லவா? வீலுக்கும் அது உண்டு. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, இருபது நட்டையும் இன்னொரு தரம் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

மாப்பிள்ளை மறுவீட்டில் முறுக்கிக்கொள்வார். நட்டை நாம்தான் முறுக்க வேண்டும்.