அப்பாவின் பரிசலில் ஒரு டப்பா

அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சேலம் டவுனுக்குள் இருக்கும் அம்மாபேட்டை இல்லை. இது மேட்டூர் - பவானி ரோட்டில், காவிரிக்கரையில் இருக்கிற அம்மாபேட்டை. அக்கரை சேலம் மாவட்டம், இக்கரை ஈரோடு மாவட்டம்.

"எங்க அப்பா பரிசல்ல போய் மீன் பிடிக்கிறார். பரிசல்ல எப்பவும் ஒரு பெயின்ட் டப்பா கிடக்கும், தண்ணி இறைக்க. முன்னாடி கரைக்கு வந்த பிறகுதான் இறைப்பார். இப்ப வலை போடுற நேரத்துலயே ரெண்டு தடவை இறைக்கிறார். கேட்டா, 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சாமி'ங்கறார். நிஜமாவே ஒண்ணும் ஆகாதா?"

ஆகும். எப்படி என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சுண்டுவிரல் நகம் அளவுக்கு, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஓர் ஓட்டை. அது தண்ணீர் மட்டத்துக்கு அரை அடி கீழே இருக்கிறது. அதன் வழியாக நிமிடத்துக்கு சுமார் 6 லிட்டர் உள்ளே வரும். பத்து நிமிடம் கவனிக்காமல் விட்டால் 50 கிலோவைத் தாண்டிவிடும். அப்பாவோடு இன்னொரு ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. அந்த ஆள் சும்மா உட்காரவும் மாட்டார். பரிசல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். பரிசல் மூழ்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடுவது இதனால்தான்.

நீரோட்டம் இல்லாத நாளில் சமாளித்துவிடலாம். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி உபரிநீர் திறந்தால், நெரிஞ்சிப்பேட்டை - பூலாம்பட்டி விசைப்படகையே நிறுத்திவிடுகிறார்கள். ஒழுகுகிற பரிசலுக்கு அவ்வளவு வெள்ளம் கூடத் தேவையில்லை.

சரி, எப்படி அடைப்பது?

முதலில் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே எங்கே தண்ணீர் தேங்குகிறதோ அங்கேதான் ஓட்டை என்று நினைப்போம். பெரும்பாலும் அது தப்பு. தண்ணீர் ஓரிடத்தில் புகுந்து, ஓடி, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் தலைகீழாகச் செய்யுங்கள். பரிசலைக் கரையேற்றி நாலைந்து செங்கல் மேல் நிமிர்த்தி வையுங்கள். உள்ளே மூன்று நான்கு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், பாரம் தாங்காது. பிறகு கீழே குனிந்து பாருங்கள். வெளியே சொட்டுகிற இடம்தான் ஓட்டை. துடைத்துவிட்டு சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பக்கவாட்டில் சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கம் சாய்த்துப் பாருங்கள்.

அடுத்து, நன்றாகக் காய வேண்டும். கவிழ்த்துப் போட்டு, குறைந்தது ஒரு நாள் முழு வெயில். ஈரத்தின் மேல் எதை ஒட்டினாலும் நிற்காது.

மூங்கில் பரிசல் என்றால், பல நேரம் உடைந்த மூங்கில் சிம்புதான் ஷீட்டைக் குத்திக் கிழித்திருக்கும். அதை அப்படியே விட்டு மேலே தார் பூசினால் அடுத்த வாரம் அதே இடம் ஒழுகும். உடைந்த சிம்பை வெட்டி எடுத்துப் புதுச் சிம்பு கோர்த்த பிறகு, ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் நாலு விரல் தாண்டுகிற மாதிரி துண்டு வைத்துத் தார் பூச வேண்டும். காய்ச்சிய தார் ஈரத்தில் பட்டால் தெறிக்கும். கையில் பட்டுவிட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். ஒட்டிய தாரைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்வார்கள்.

ஃபைபர் பரிசல் என்றால் வேறு வேலை. ஓட்டையில் மட்டும் பசையை அடைப்பது தற்காலிகம்தான். ஓட்டையைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்து, தூசியைத் துடைக்க வேண்டும். ஃபைபர் மேட்டைச் சின்னது, பெரியது, அதைவிடப் பெரியது என்று மூன்று துண்டாக வெட்டி, ரெசினில் நனைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி நிற்கக்கூடாது. பிரஷ்ஷால் குத்திக் குத்தி வெளியேற்றுங்கள்.

ஹார்டனர், 100 மில்லி ரெசினுக்கு 1 முதல் 2 மில்லி. டப்பாவில் போட்டிருக்கிற அளவைத் தாண்டாதீர்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட ஊற்றினால் சூடேறிப் புகையும், விரிசல் விடும். கடையில் ரெசினோடு கோபால்ட் என்று இன்னொரு பாட்டில் கொடுத்தால் மிக மிக எச்சரிக்கை. அதையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்டனர். கையுறை, கண்ணாடி கட்டாயம். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள்.

கடற்கரை ரிசார்ட்டுகளில் சீறிக்கொண்டு ஓடும் வாட்டர் ஸ்கூட்டரின் உடம்பும் பெரும்பாலும் இதே ஃபைபர்தான். அதில் தண்ணீர் ஏறினால் முதலில் பார்ப்பது பின்பக்கத்து வடிகால் மூடியையும் அதன் ரப்பர் வளையத்தையும். அப்புறம் ஹோஸ், ஷாஃப்ட் சீல். கடைசியில்தான் உடம்பில் விரிசல் தேடுவார்கள். லட்சங்களில் விலை என்றாலும் விரிசலை அடைப்பது நம் பரிசல் மாதிரியேதான்.

ஒட்டு போட்டு ஒரு நாள் இறுகிய பிறகு, மறுபடி அந்த மூன்று குடம் தண்ணீர். ஒரு மணி நேரம் சொட்டாமல் நின்றால்தான் வேலை முடிந்தது. முதல் முறை ஆற்றில் இறக்கும்போது கரையோரமாகவே சுற்றி வரச் சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு. நீச்சல் தெரிந்தவருக்கும் அது வேண்டும். வலை காலில் சுற்றிக்கொண்டால் நீச்சல் உதவாது.

அப்பா மறுத்தால் சண்டை போடாதீர்கள் சகோதரி. நாளைக்கு அவர் ஒரு தடவையில் எத்தனை டப்பா இறைக்கிறார் என்று மட்டும் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த வாரம் மறுபடி எண்ணட்டும். எண்ணிக்கை ஏறினால், உங்களைவிட அது அவருக்கு நன்றாகப் புரிய வைக்கும்.

டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். பரிசலிலேயே இருக்கட்டும், காய்ந்துபோய்.