ஊட்டிக்கு ஐ.வி., ஸ்ரீஹரிகோட்டாவுக்கு யூட்யூப்!

திருத்தணி பக்கத்து எஞ்சினியரிங் பசங்க யாரையாவது புடிச்சு, "ராக்கெட் கிளம்பறதை நேர்ல பாத்திருக்கியா தம்பி?"ன்னு கேட்டுப் பாருங்க. செல்போனை எடுத்து நீட்டுவான். மேப்ல நேர்கோடு போட்டா மலைக்கோயில்லேர்ந்து ஏவுதளம் சுமார் 90 கிலோமீட்டர்தான். 1979ல எஸ்.எல்.வி.-3ல ஆரம்பிச்ச கணக்கு 2025 ஜனவரி 29 அன்னிக்கு நூறைத் தொட்டாச்சு. நம்மாளு இன்னும் சின்னத்திரைலயே கைதட்டிட்டு இருக்கான்.

பசங்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? எங்க காலேஜ்ல நாலு வருஷத்துல கூட்டிட்டுப் போன ஒரே 'இண்டஸ்ட்ரியல் விசிட்' எது தெரியுங்களா? ஊட்டி! டீ ஃபேக்டரியில அரைமணி நேரம் (லெட்டர்ல சீல் வாங்கணுமே), மிச்ச ரெண்டு நாள் போட்டிங், பஸ்ல குத்தாட்டம். ஸ்கூல்காரங்க இன்னும் மோசம், டூர்னாலே தண்ணியில சறுக்கற தீம் பார்க்தான்.

கேட்டா பதில் ரெடியா இருக்கும். "டி.வி.ல இன்னும் கிளியரா தெரியுதே சார்."

தெரியும்தான். ஆனா 320 டன் எடையில, 44 மீட்டர் உசரத்துல ஒரு பி.எஸ்.எல்.வி. எழும்பறதை ஏழு கிலோமீட்டர் தள்ளி நின்னு பாருங்க. முதல்ல சத்தமே வராது. வெறும் வெளிச்சம், ஊமைப்படம் மாதிரி மேல போகும். சுமார் 20 நொடி கழிச்சுதான் இடி வந்து நெஞ்சுல மோதும். ஒலியோட வேகம் நொடிக்கு 340 மீட்டர்னு மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கினோமே, அது அங்க ஒடம்புல வந்து அடிக்கும். லைவ் ஒளிபரப்புல இந்த 20 நொடி கிடையவே கிடையாது.

அடுத்து, "கடைசி நேரத்துல தள்ளி வெச்சுட்டா?" வெக்கட்டுமே! 2019 ஜூலை 15 விடிகாலை சந்திரயான்-2ஐ, 56 நிமிஷம் பாக்கி இருக்கும்போது நிறுத்தினாங்க. கோளாறைச் சரி பண்ணி ஜூலை 22 மதியம் அனுப்பினாங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பக்கோட ரிலீஸ் பண்ணித் தொலைக்கற எங்க சாஃப்ட்வேர் கூட்டத்துக்கு இதைவிட நல்ல பாடம் வேற உண்டா? 2025 மே மாசம் பி.எஸ்.எல்.வி.-சி61 மூணாவது கட்டத்துல தோத்ததும் அப்படித்தான். ராக்கெட் தோக்கவும் செய்யும்னு பசங்களுக்குத் தெரியட்டுமே.

"அது ஆந்திராவாச்சே"ன்னு இழுக்கறவங்களும் உண்டு. ம.பொ.சி. எல்லாம் போராடி 1960 ஏப்ரல் 1ல திருத்தணி நம்ம பக்கம் வந்துச்சு, சரி. அதுக்காக எல்லைக்கு அந்தப் பக்கம் மேல போறதை நாம பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே? திருப்பதிக்குப் போறப்போ மட்டும் ஒருத்தருக்கும் ஆந்திரா ஞாபகம் வர்றதில்ல!

2019லேர்ந்து பொதுமக்கள் பாக்க அங்க கேலரியே இருக்கு. இலவசம், ஆன்லைன்ல பதியணும், அடையாள அட்டை கொண்டு போகணும். பெரிய லாஞ்ச்னா இடம் மளமளன்னு தீர்ந்துடும். இங்கதான் எனக்கு வயித்தெரிச்சல். நெட்டும் காரும் வெச்சிருக்கறவன் பதிஞ்சு குடும்பத்தோட போயிடறான். அரசுப் பள்ளியில எட்டாவது படிக்கற பொண்ணு எப்படிப் போவா? ரயிலும் ஒத்துவராது. நாம ரேணிகுண்டா லைன்ல இருக்கோம், சூலூர்பேட்டை கூடூர் லைன்ல இருக்கு. ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, தடா வழியா பஸ்தான் சரி. அதை ஸ்கூலோ காலேஜோதான் ஏற்பாடு பண்ணணும்.

கேலரியில இடம் இல்லையா? பழவேற்காடு கடற்கரைக்குப் போங்க. நம்ம திருவள்ளூர் மாவட்டம்தான், பதிவும் வேணாம் ஒண்ணும் வேணாம். அங்கேர்ந்து ஏவுதளம் சுமார் 35 கிலோமீட்டர், வானம் தெளிவா இருந்தா நல்லாவே தெரியும். (மேகமா இருந்தா ஏரியும் பறவையும் மீன் வறுவலும் மிச்சம்.)

செலவு? ஒரு பஸ் வாடகை, புளிசாதப் பொட்டலம், தண்ணி கேன். ஊட்டிக்கு வசூல் பண்றதுல கால்வாசி கூட ஆகாது. பிரின்சிபால் சார், அடுத்த லாஞ்ச் தேதி சொன்ன அன்னிக்கே பஸ்காரருக்கு ஃபோனைப் போடுங்க. சீல் வேணும்னா நான் வந்து குத்தித் தர்றேன்.